தண்ணீர்க் கட்டணம் ஏறியது இருக்கட்டும், ஆலைகள் யார் கையில் இருக்க வேண்டும்?

ஈசூன்காரி

நான்கறை வீடு, ஐந்து பேர். மாதத்துக்கு 22 கன மீட்டர் தண்ணீர் ஓடுகிறது. 2024 மார்ச் வரை கன மீட்டருக்கு 2.74 வெள்ளி. அந்த ஏப்ரலில் 20 காசு, 2025 ஏப்ரலில் இன்னும் 30 காசு ஏறி, இப்போது 3.24 வெள்ளி. ஜிஎஸ்டி சேர்க்காமலே மாதம் 11 வெள்ளி கூடுதல். அரசாங்கம் தரும் யூ-சேவ் கழிவு வருவதால் அவ்வளவாக உறைக்கவில்லை என்பது உண்மைதான்.

என் கேள்வி வேறு. கடல்நீரைக் குடிநீராக்க ஐந்து ஆலைகள் கட்டினார்கள். ஒன்றைத் தவிர மற்றவை தனியார் கட்டியவை. அப்படியானால் நாம் கட்டும் காசில் லாபம் யாருக்குப் போகிறது? அந்த நிறுவனங்களை யார் கட்டுப்படுத்துகிறார்கள்? பேசாமல் எல்லாவற்றையும் சிங்கப்பூரின் நீர் அமைப்பான பியூபியே வைத்துக்கொண்டால் என்ன? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள்" என்ற அறிவுரை மட்டும் வேண்டாம், அது பள்ளிக்கூடத்திலேயே கேட்டாயிற்று.

உட்லண்ட்ஸ் ரவி

ஜொகூரிலிருந்து தண்ணீர் எடுக்கும் ஒப்பந்தம் 2061 வரைதான். அப்புறம் பாருங்கள் வேடிக்கையை.

கணக்குப்பிள்ளை

அக்கா, முதலில் அந்த 3.24ஐப் பிரித்துப் பார்த்துவிடலாம். தண்ணீருக்கான கட்டணம் 1.43. அதற்கு மேல் அதில் பாதி, அதாவது 72 காசு, நீர் சேமிப்பு வரி. அது அரசாங்கக் கருவூலத்துக்குப் போகிறது. மீதி 1.09, நாம் பயன்படுத்தி விட்ட நீரை எடுத்துப்போய்ச் சுத்திகரிக்க. மாதம் 40 கன மீட்டரைத் தாண்டினால் விகிதம் இன்னும் மேலே போகும், அது உங்களுக்கு இப்போது பொருந்தாது.

தனியார் ஆலை நம்மிடம் நேராக ஒரு காசும் வாங்குவதில்லை. அது பியூபிக்கு விற்கிறது, பியூபி நமக்கு விற்கிறது. ஏலக்குத்தகையில் யார் குறைந்த விலை சொல்கிறார்களோ, தொழில்நுட்பத் தகுதியும் இருந்தால், பெரும்பாலும் அவர்களுக்குத்தான். ஒப்பந்தம் சாதாரணமாக 25 ஆண்டு. வடிவமைப்பு, கட்டுமானம், உடைமை, இயக்கம் நான்கும் அவர்கள் பொறுப்பு. ஆலை ஓடாமல் தயாராக நிற்கும் நாளுக்கும் ஒரு தொகை உண்டு, ஏனென்றால் மழை நன்றாகப் பெய்யும் மாதத்தில் கடல்நீர் ஆலையை முழு வேகத்தில் ஓட்டுவது வீண் செலவு.

ஆக, இங்கே "நீர் நிறுவனம்" என்றால் வீட்டுக்குத் தண்ணீர் விடும் நிறுவனம் கிடையாது. ஒரே ஒரு வாடிக்கையாளரை வைத்திருக்கும் தொழிற்சாலை. அந்த வாடிக்கையாளர்தான் விதியையும் எழுதுகிறார்.

ஈசூன்காரி

சரி, இது புரிகிறது. ஆனால் வாங்குபவரும் அவரே, விதி எழுதுபவரும் அவரே, நமக்கு விலை வைப்பவரும் அவரே என்றால், அவரைக் கேள்வி கேட்பது யார்?

கணக்குப்பிள்ளை

விலையை அமைச்சு ஏற்காமல் மாற்ற முடியாது; பியூபி, நீடித்த நிலைத்தன்மை, சுற்றுப்புற அமைச்சின் கீழ் உள்ள ஆணைபெற்ற கழகம். குடிநீரின் தரத்தைக் கண்காணிப்பது சிங்கப்பூர் உணவு அமைப்பு, பியூபி அல்ல. அதற்கு மேல் நாடாளுமன்றம், தலைமைக் கணக்காய்வாளர். தனியாக ஒரு "விலை நீதிபதி" கிடையாது என்பது உண்மை.

லண்டன் மாப்பிள்ளை

அந்த "விலை நீதிபதி" இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். நான் இருக்கும் ஊரில் அதுதான் இருக்கிறது. 1989இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பத்து வட்டார நீர் அமைப்புகளைக் கடன் எல்லாம் தள்ளுபடி செய்து தனியாருக்கு விற்றார்கள். விலையைக் கட்டுப்படுத்த ஆஃப்வாட் என்று ஓர் அமைப்பு. ஐந்தாண்டுக்கு ஒரு முறை கட்டணத்துக்கு உச்சவரம்பு வைக்கும், முதலீட்டுத் திட்டத்தைப் பார்க்கும். காகிதத்தில் பார்த்தால் அழகு.

நடந்தது என்ன? கடனே இல்லாமல் பிறந்த நிறுவனங்கள் இன்று மொத்தமாக 60 பில்லியன் பவுண்டுக்கு மேல் கடன் சுமக்கின்றன. கடன் வாங்கிப் பங்காதாயம் கொடுத்த கதைகள் உண்டு. லண்டனுக்குத் தண்ணீர் விடும் தேம்ஸ் வாட்டர் ஒன்றின் கடனே 20 பில்லியனை நெருங்கியது. மழை பெய்தால் கழிவுநீர் ஆற்றில். 2025 மே மாதம் ஆஃப்வாட் அதற்கு 122.7 மில்லியன் பவுண்டு அபராதம் போட்டது. கடனில் மூழ்கியவனுக்கு அபராதம் போட்டால் யார் கட்டுவது? அதே ஆண்டு ஜூலையிலேயே கன்லிஃப் தலைமையிலான ஆய்வு, ஆஃப்வாட்டையே கலைத்துவிட்டுப் புதிதாக ஓர் அமைப்பு வைக்கச் சொன்னது. அரசாங்கமும் ஒப்புக்கொண்டது.

இங்கே குழாய், வாடிக்கையாளர், சாக்கடை எல்லாமே நிறுவனத்தின் கையில். தேம்ஸ் பிடிக்கவில்லை என்றால் நான் வேறு நிறுவனத்துக்கு மாற முடியாது. போட்டியே இல்லாத வியாபாரத்தைத் தனியாருக்குக் கொடுத்துவிட்டு, வெளியே நின்று விசில் ஊதினால் இப்படித்தான். ஸ்காட்லாந்து விற்கவே இல்லை, அங்கே இன்றும் பொதுத்துறைதான்.

பழைய குழாய்

தம்பி சொன்னது சரி. சிங்கப்பூரில் மறக்கக்கூடாத ஒன்று: 2001இல் கழிவுநீரையும் வடிகாலையும் பியூபியிடமே கொடுத்தார்கள். அதற்கு முன் மின்சாரமும் எரிவாயுவும் அவர்களிடம் இருந்தன, அவை போய்விட்டன. மழைநீர் ஓடும் கால்வாய், நீர்த்தேக்கம், குழாய், சாக்கடை, மறுபடி சுத்திகரிப்பு எல்லாம் ஒரே கூரையின் கீழ் வந்த பிறகுதான் கழிவுநீரைச் சுத்திகரித்து எடுக்கும் புதுநீர் இவ்வளவு பெரிதாக வளர முடிந்தது. சாக்கடை ஒருவரிடமும் குடிநீர் இன்னொருவரிடமும் இருந்தால், "உன் கழிவு எனக்குக் கச்சாப்பொருள்" என்று பேரம் பேசியே பத்து ஆண்டு போயிருக்கும்.

நான் இந்தத் துறையில் குழாய் பார்த்தவன், கோப்பு பார்த்தவன் அல்ல. 1963இல் சின்னப் பையன். பத்து மாதம் பங்கீடு. தண்ணீர் வரும் நேரத்தில் வீட்டில் இருக்கும் சட்டி, வாளி, குவளை எல்லாவற்றிலும் பிடித்து வைப்போம்; அம்மா சோறு வடித்த கஞ்சியைக்கூடக் கொட்டவிட மாட்டார். அந்த ஆண்டு மே மாதம்தான் பியூபியே தொடங்கியது. அந்தத் தலைமுறைக்குத் தண்ணீரில் "லாபம்" என்ற பேச்சே காதில் ஏறாது. அது சரியா தப்பா என்பது வேறு.

நைட்ஷிப்ட்

நான் சென்னைக்காரன், இங்கே கணினிச் சில்லு செய்யும் ஆலையில் வேலை. இரண்டு விஷயம்.

ஒன்று, எல்லாரும் வீட்டுக் குழாயையே பேசுகிறீர்கள். நாட்டின் தேவை நாளுக்குச் சுமார் 440 மில்லியன் கேலன். அதில் பாதிக்கு மேல், ஏறக்குறைய 55 விழுக்காடு, எங்களைப் போன்ற ஆலைகளும் அலுவலகங்களும் குடிப்பது. சில்லு கழுவ மிகமிகச் சுத்தமான நீர் வேண்டும். குழாய்நீரைவிடப் புதுநீரில் தாதுப்பு குறைவு என்பதால் அதை இன்னும் சுத்தப்படுத்துவது எளிது. அதனால்தான் புதுநீரின் பெரும்பகுதி நேராகத் தொழிற்சாலைக்குப் போகிறது. வறட்சியான மாதங்களில்தான் நீர்த்தேக்கங்களில் கொஞ்சம் கலப்பார்கள்.

நிறுவனங்களைக் கட்டுப்படுத்துவது என்றால் எனக்குத் தெரிந்தது இதுதான்: ஆண்டுக்கு 60,000 கன மீட்டருக்கு மேல் பயன்படுத்தும் இடங்கள் 2015 முதலே தங்கள் பயன்பாட்டை அளந்து, எங்கே எவ்வளவு சேமிக்கலாம் என்று திட்டம் கொடுக்க வேண்டும். 2024 முதல் புதிதாக வரும் சில்லு, மின்னணு, உயிர்மருத்துவ ஆலைகள் நீரை மறுசுழற்சி செய்தே ஆக வேண்டும். இது வெறும் அறிவுரை அல்ல, கட்டாயம். ஆலை வடிவமைக்கும்போதே கழுவிய நீரை வகை வகையாகப் பிரித்து எடுக்கும் குழாய் போட்டாக வேண்டும். பிறகு இடித்துப் போடுவது என்றால் எந்த முதலாளியும் சம்மதிக்கமாட்டார்.

இரண்டு, சென்னை. 2019இல் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது. அங்கேயும் கடல்நீர் ஆலை இருந்தது: மீஞ்சூரில் 2010 முதல் தனியார் கட்டி இயக்குவது, நாளுக்கு 10 கோடி லிட்டர், நெம்மேலியில் 2013 முதல் இன்னொன்று. ஆலை தனியாரா அரசா என்பதல்ல அங்கே தலைவலி. நிலத்தடி நீரை உறிஞ்சி லாரியில் விற்பவர்களை ஒழுங்குபடுத்த ஆளில்லாததுதான். குழாயில் வராத தண்ணீர் லாரியில் மட்டும் எப்படி வருகிறது?

உட்லண்ட்ஸ் ரவி

அதெல்லாம் சரி லா. 1000 கேலன் 3 சென்னுக்கு ஜொகூரிலிருந்து வாங்கிவிட்டு இங்கே இவ்வளவு விலை வைப்பது நியாயமா என்று மலேசியாவில் கேட்கிறார்கள், அதற்கு யாராவது பதில் சொல்லுங்கள்.

பழைய குழாய்

அந்த 3 சென் ஆற்றிலிருந்து எடுக்கும் சுத்திகரிக்காத நீருக்கு. 1962 ஒப்பந்தப்படி ஜொகூர் ஆற்றிலிருந்து நாளுக்கு 250 மில்லியன் கேலன் வரை எடுக்கலாம். அணை, சுத்திகரிப்பு நிலையம், குழாய் எல்லாச் செலவும் நம்முடையது. சுத்திகரித்த நீரை ஜொகூர் 50 சென்னுக்குத் திரும்ப வாங்குகிறது. ஜொகூரில் உள்ள லிங்கியு நீர்த்தேக்கம் 1995இல் நம் செலவில் எழுந்தது. அதுவே 2016 அக்டோபரில் 20 விழுக்காட்டுக்கு இறங்கியது. எடுக்க உரிமை இருக்கிறது, எடுக்க நீர் இருக்க வேண்டுமே.

நெறியாளர்

ஜொகூர் ஒப்பந்த அரசியலுக்குத் தனி இழை ஓடுகிறது. ரவி, அங்கே வாருங்கள். இங்கே ஆலைகளும் நிறுவனங்களும் மட்டும்.

ஈசூன்காரி

நன்றி. கணக்குப்பிள்ளை, நீங்கள் "ஒரே வாடிக்கையாளர்" என்று சொல்லிவிட்டு கடல்நீர் ஆலை கட்டி நொடித்துப்போன ஹைஃப்ளக்ஸ் நிறுவனம் பற்றிப் பேசாமல் நழுவிவிட்டீர்கள். அதுதானே எல்லாரும் மனதில் வைத்திருப்பது?

கணக்குப்பிள்ளை

நழுவவில்லை அக்கா, அது நீளமான கதை, உட்கார்ந்து எழுத நேரம் வேண்டும்.

நம்முடைய முதல் கடல்நீர் ஆலை 2005இல் துவாஸில் வந்த சிங்ஸ்பிரிங். ஹைஃப்ளக்ஸ் கட்டியது, முதலாண்டு விலை கன மீட்டருக்கு 78 காசு. அடுத்தது துவாஸ்பிரிங், 2013, நாளுக்கு 70 மில்லியன் கேலன். அதற்கு அதே நிறுவனம் சொன்ன முதலாண்டு விலை 45 காசு. பாருங்கள், எட்டு ஆண்டில் 78லிருந்து 45க்கு. சவ்வுத் தொழில்நுட்பம் முன்னேறியது உண்மை, ஆனால் கடல்நீரை அழுத்திச் சவ்வு வழியாகத் தள்ள இன்றைக்கும் கன மீட்டருக்குச் சுமார் 3.5 கிலோவாட் மணி மின்சாரம் வேண்டும். புதுநீருக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு போதும். மின்சாரம்தான் கடல்நீரின் விலை.

அப்போது 45 காசு எப்படிக் கட்டுப்படியாகும்? பக்கத்திலேயே 411 மெகாவாட் மின் ஆலை. தனக்கு வேண்டிய மின்சாரத்தை எடுத்துக்கொண்டு மிச்சத்தைச் சந்தையில் விற்று லாபம் பார்க்கலாம், அதில் தண்ணீர் விலையைத் தாங்கிக்கொள்ளலாம் என்பது கணக்கு. மின் ஆலை முழுமூச்சாக ஓடத் தொடங்கியது 2016இல். அதற்குள் சிங்கப்பூரில் மின் உற்பத்தித் திறன் தேவைக்கு மேல் குவிந்து, மொத்த விலை படுத்துவிட்டது. விற்ற ஒவ்வொரு யூனிட்டிலும் நட்டம். தண்ணீரில் விழுந்த அடி அல்ல அது, மின்சாரத்தில் விழுந்த அடி.

2018 மே மாதம் நிறுவனம் நீதிமன்றப் பாதுகாப்பு கேட்டது. 6 விழுக்காடு கிடைக்கும் என்று முன்னுரிமைப் பங்கிலும் முதிர்வில்லாக் கடன்பத்திரத்திலும் போட்டிருந்தவர்கள் சுமார் 34,000 சிறு முதலீட்டாளர்கள், தொகை 900 மில்லியன் வெள்ளி. ஏடிஎம்மிலேயே விண்ணப்பிக்க முடிந்த முதலீடு. வாங்கியவர்களில் ஓய்வுபெற்றவர்கள் நிறைய. 2019 மார்ச் 5 அன்று பியூபி, ஒப்பந்தக் கடமையில் தவறியதாகத் துவாஸ்பிரிங்குக்கு அறிவிப்பு அனுப்பியது. மே 18 அன்று ஆலையைத் தன் கையில் எடுத்துக்கொண்டது. கொடுத்த விலை பூஜ்யம். பியூபியின் மதிப்பீட்டில் ஆலையின் மதிப்பு பூஜ்யத்துக்கும் கீழே. அந்த வித்தியாசத்தை நிறுவனம்தான் கட்ட வேண்டியிருந்தது, அதை வேண்டாம் என்று விட்டார்கள். 2021இல் ஹைஃப்ளக்ஸைக் கலைக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. மின் ஆலை 2022இல் ஒய்டிஎல் பவர்செராயாவிடம் போனது.

இந்த அமளி முழுக்கவும் நம் வீட்டுக் குழாயில் அழுத்தம்கூடக் குறையவில்லை. ஒழுங்குமுறை வேலை செய்தது என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

ஈசூன்காரி

அதாவது, 45 காசுக்குத் தண்ணீர் வாங்கினோம், கடைசியில் ஆலையும் இலவசமாக வந்தது. யார் தலையில் விடிந்தது? 34,000 பேர் தலையில். அவர்களும் இந்த ஊர் வரி கட்டுபவர்கள்தானே. ஒரு கையால் வாங்கி மறு கையால் பிடுங்கிய மாதிரி இருக்கிறது எனக்கு.

கணக்குப்பிள்ளை

முதலீட்டாளர் நட்டத்தையும் நீர் விநியோகத்தையும் ஒன்றாகக் கட்டக்கூடாது என்பது என் கட்சி. பியூபியின் வேலை குழாயில் தண்ணீர் வர வைப்பது. பங்குப் பத்திரத்தைப் பார்ப்பது வேறு அமைப்புகளின் வேலை. பூஜ்யத்துக்கு மேல் கொடுத்திருந்தால் அந்தக் காசு முதலில் போயிருப்பது அடமானம் வைத்திருந்த வங்கிக்கு, சிறு முதலீட்டாளருக்கு அல்ல.

லண்டன் மாப்பிள்ளை

இங்கே எங்களுக்கு அந்த "எடுத்துக்கொள்ளும்" உரிமையை அரசாங்கம் பயன்படுத்தவே தயங்குகிறது. சிறப்பு நிர்வாகம் என்று சட்டத்தில் இருக்கிறது. எடுத்தால் அந்தச் செலவெல்லாம் அரசின் தலையில் வந்து விழும் என்ற பயம். 5 மார்ச்சில் நோட்டீஸ், 18 மேயில் கையகம் என்பதைப் படிக்கும்போது பொறாமையாக இருக்கிறது.

நைட்ஷிப்ட்

ஈசூன் அக்கா கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. 78 காசுக்குச் செய்ததை 45 காசுக்குச் செய்கிறேன் என்று ஒருவர் வந்தால், வாங்குபவர் சந்தோஷப்படுவதற்கு முன் கொஞ்சம் பயப்பட வேண்டாமா? எங்கள் ஆலையில் ஒப்பந்தக்காரர் ஒருவர் மற்றவர்களைவிடப் பாதி விலைக்கு வந்தார். எங்கள் மேலாளர் அவரைக் கூப்பிட்டு, எந்த இடத்தில் மிச்சப்படுத்துகிறாய் என்று வரிவரியாகக் கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை, வேலை வேறு ஆளுக்குப் போனது.

கணக்குப்பிள்ளை

நாடாளுமன்றத்திலும் இதே கேள்வி வந்தது. ஏலக்குத்தகையின்போது நிறுவனத்தின் நிதிநிலையைப் பார்த்தார்கள். அப்போது அது நல்ல நிலையில்தான் இருந்தது. ஆனால் நான் ஒன்று ஒப்புக்கொள்வேன். தண்ணீர் விலை மின்சாரச் சந்தையில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த முடிச்சை எல்லாரும் புத்திசாலித்தனம் என்று மெச்சினார்கள்.

பழைய குழாய்

அதற்குப் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். 2018இல் திறந்த மூன்றாவது ஆலை, துவாஸில், பியூபியே சொந்தமாக வைத்து இயக்குவது. 2020இல் கெப்பல் மரீனா ஈஸ்ட் மறுபடி தனியார். மழை பெய்தால் மரீனா நீர்த்தேக்கத்து நீரையும், வறண்டால் கடல்நீரையும் சுத்திகரிக்கும் இரட்டை ஆலை. 2022இல் ஜூரோங் தீவு ஆலையும் தனியார்தான், பக்கத்து மின் வளாகத்தோடு வசதிகளைப் பகிர்ந்துகொள்கிறது. ஆக, இரண்டு மாடும் ஒரே வண்டியில். சொந்தமாக ஓர் ஆலை இருந்தால்தான் மற்றவர்கள் சொல்லும் செலவு உண்மையா என்று தெரியும். ஆலையை ஓட்டியே பார்க்காதவன் ஒப்பந்தக்காரனிடம் என்ன கேள்வி கேட்பான்?

அப்புறம் ஈசூன் அம்மாவுக்கு ஒன்று, அறிவுரை என்று கோபிக்க வேண்டாம். ஐந்து பேருக்கு 22 கன மீட்டர் என்பது ஆளுக்கு நாளுக்கு 147 லிட்டர் மாதிரி வருகிறது. நாட்டின் சராசரி 2023இல் 141. பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் கழிவறைத் தொட்டியை ஒருமுறை பார்த்துவிடுங்கள். சிட்டிகை கேசரிப் பவுடரைத் தொட்டியில் போட்டு, கால் மணி நேரம் யாரும் இழுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கோப்பைக்குள் நிறம் இறங்கினால் அடி ரப்பர் போய்விட்டது. கடையில் சில வெள்ளிக்குக் கிடைக்கும், மாற்றுவது சுலபம்.

ஈசூன்காரி

கேசரிப் பவுடர் இருக்கிறது, செய்து பார்க்கிறேன் ஐயா. கோபம் எல்லாம் இல்லை.

ஆனால் கட்டணம் பற்றி இன்னும் ஒன்று. 2000க்குப் பிறகு 17 ஆண்டு கை வைக்காமல் இருந்துவிட்டு, 2017, 2018 என்று இரண்டு தவணையில் 30 விழுக்காடு ஏற்றினார்கள். மறுபடி ஏறக்குறைய ஆறு ஆண்டு அமைதி, பிறகு 50 காசு. இந்தத் தூங்கி விழித்து ஏற்றும் முறைக்குப் பதில் ஆண்டுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் குடும்பம் நடத்துகிறவர்களுக்குத் திட்டமிட வசதி.

கணக்குப்பிள்ளை

இதில் நான் உங்கள் பக்கம். ஆழ்சுரங்கக் கழிவுநீர்த் திட்டத்தின் இரண்டாம் கட்டம், துவாஸ் நீர் மீட்பு ஆலை என்று வரிசையாகப் பெரிய செலவுகள் நிற்கின்றன. 2065க்குள் தேவை ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று கணக்கு. இனி கூடுதலாக வேண்டிய ஒவ்வொரு கேலனும் கடலிலிருந்தோ புதுநீரிலிருந்தோதான் வர வேண்டும். நீர் சேமிப்பு வரியின் நியாயமும் அதுதான்: இன்று குடிக்கும் நீரின் விலையை அல்ல, அடுத்த சொட்டைத் தயாரிக்க ஆகும் விலையை உணர்த்துவது. அது மெதுவாக ஏறினால்தான் உணர்த்தும், திடீரென்று ஏறினால் எரிச்சல்தான்.

நைட்ஷிப்ட்

அடுத்த ஆலைக்கு ஏலக்குத்தகை வந்தால் நான் மூன்று விஷயம் பார்ப்பேன். சொன்ன விலை வேறு எந்தச் சந்தையை நம்பி நிற்கிறது? ஆலை நிறுவனத்துக்கு அதன் முதலீட்டோடு ஒப்பிட்டால் கடன் எவ்வளவு? தாய் நிறுவனம் விழுந்தால் ஆலையைத் தனியாகக் கழற்றி எடுக்க முடியுமா? மூன்றாவது கேள்விக்கு ஏற்கெனவே பதில் இருக்கிறது என்று துவாஸ்பிரிங் காட்டிவிட்டது. முதல் இரண்டுக்குத்தான் இன்னும் பதில் வேண்டும்.

ஈசூன்காரி

மூன்றும் சரி. ஆனால் குறைந்த விலையை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டு அதிக விலைக்கு ஆலை கொடுத்த அதிகாரியை, நாளைக்கு இதே மன்றத்தில் நாம் சும்மா விடுவோமா?

பழைய குழாய்

விடமாட்டோம். அதற்காகத்தான் காரணத்தை எழுதி வெளியிடச் சொல்கிறேன். ஏலத்தில் வந்த விலைகளைப் போலவே, எந்த விலையை ஏன் நம்பவில்லை என்பதையும்.